தேயிலைப் பெட்டிகள் போன வழி

உதவி செய்ய வருகிறவர்களைக் கோபப்படுத்துவதில் அவரைப் போல இன்னொருவரை நான் பார்த்ததில்லை. குடை பிடிக்க வந்தவர், பையை வாங்கிக்கொள்ள வந்தவர், தோளைத் தாங்க வந்தவர் என்று டவுன் ஸ்டேஷனில் அவரிடம் பேச்சு வாங்காத நல்ல மனிதர்கள் குறைவு. முதல் நாளே நானும் வாங்கினேன்.

அப்போது நான் டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனைப் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து தினமும் காலை ரயிலில் வருவேன். அதே பெட்டியில் அவரும் வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளமான உருவம், கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய பருத்திச் சேலை, முகத்தில் அளவுக்கு அதிகமாகப் பவுடர். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. அந்தக் காலுக்கு இரும்புப் பட்டை பூட்டிய சப்பாத்து, வலது கையில் ஊன்றுகோல். மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அவர் இறங்கும்போது சப்பாத்து வழுக்கியது. நான் ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தேன்.

"கைய எடுங்க."

"விழுந்துருவீங்கக்கா."

"விழுந்தா நான் விழுவேன். நான் கேட்டேனா உங்கள?"

எனக்கு முகம் சிவந்துவிட்டது. கையை எடுத்தேன். அவர் விழவில்லை. ஊன்றுகோலைத் திருப்பி வைத்து, உடம்பை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்ந்துகொண்டார். பிறகு, ஒன்றுமே நடக்காதது மாதிரி, "எந்தத் தோட்டம் நீங்க?" என்று கேட்டார்.

அவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். சிங்களத்தில் வருவதைத் தமிழாக்குவதும், தோட்டத்து ஆட்கள் தமிழில் கொடுப்பதைச் சிங்களமாக்குவதும் வேலை. சொந்த ஊர் கினிகத்தேனைப் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "கேக்க வந்தவங்க எல்லாரும் பாவம் பாத்து வந்தாங்க. பாவம் பாக்குறவனோட எப்படிக் குடும்பம் நடத்துறது?" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

அவருடைய நியாயம் எனக்குப் பிடிபட நாளாயிற்று. ரயிலில் கால் முடியாதவர்களுக்கென்று எழுதிய ஆசனத்தில் யாராவது உட்கார்ந்திருந்தால் எதிரே போய் நிற்பார். அவர்கள் எழுந்ததும் உட்காருவார். நன்றி சொல்ல மாட்டார். ஒரு தடவை அப்படி எழுந்த பையன் முறைத்தான். "என்னோட சீட்டுல நான் உக்கார்றேன். உங்களுக்கு எதுக்கு நன்றி?" என்றார். ஆனால் சாதாரண ஆசனத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தால் உட்காரவே மாட்டார். அது அந்தப் பெரியவருடைய இடமாம். மலை வளைவுகளில் பெட்டி ஆடும்போதெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எழுந்த பெரியவரும் வெட்கத்தில் உட்கார முடியாமல் நிற்பார். நடுவில் ஆசனம் காலியாக வரும். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு எரிச்சலாக இருக்கும்.

நாங்கள் இறங்கும் டவுன் ஸ்டேஷன் இருக்கும் விதத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

மலையை வெட்டிச் சமப்படுத்திய ஒரு குறுகலான தட்டில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. ஊர்ப் பக்கம் டிக்கெட் அறையும் ஒன்றாம் மேடையும். தண்டவாளங்களுக்கு நடுவில் தீவு மாதிரி இரண்டாம் மேடை. அதற்கப்பால் ஒன்றுமில்லை; தேயிலைச் சரிவு கீழே போய்விடும். இரண்டு மேடைகளையும் இணைப்பது ஓர் இரும்பு மேம்பாலம். செங்குத்தான படிகள். மழைக்கும் பனிக்கும் சவர்க்காரம் பூசியது மாதிரி வழுக்கும். மாலை வண்டி ஒன்றாம் மேடைக்கே வந்துவிடும். அதில் பிரச்சினை இல்லை. காலை வண்டி மட்டும் இரண்டாம் மேடையில்தான் நிற்கும். எதிரே கொழும்பு வண்டி வருவதால் அப்படித்தான் நிறுத்த வேண்டுமாம்.

வருஷக்கணக்காக அவர் மேம்பாலத்தில் ஏறியதில்லை. மேடையின் கோடி சாய்ந்து தரையோடு போய்ச் சேரும் இடத்தில், தண்டவாளத்துக்கு நடுவே பலகைகள் பதித்த ஒரு குறுக்குவழி இருந்தது. ஸ்டேஷன் ஆட்கள் தள்ளுவண்டி கொண்டுபோவதற்காகப் போட்டது. கொடிக்காரரிடம் ஒரு தலையசைப்பு. அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையைக் காட்டுவார். அக்கா நடந்து போய்விடுவார். யாரும் தூக்கவில்லை, தாங்கவில்லை.

மலைநாட்டு ரயிலில் தொங்கிக்கொண்டு படமெடுக்கும் மோகம் வந்தபிறகு அதுவும் போயிற்று. யாரோ ஒரு சுற்றுலாப் பையன் அந்தப் பலகைகளின் மேல் நின்று செல்ஃபி எடுக்கும்போது எஞ்சின் வந்து, மயிரிழையில் தப்பினான். அடுத்த வாரமே மேடைக் கோடியில் இரும்பு வேலி அடித்துவிட்டார்கள். வேலியில் மூன்று மொழியிலும் பலகை. தமிழில், 'தண்டவாளத்தைக் கடிக்க வேண்டாம்' என்று இருந்தது.

ரயிலில் வந்தவர்கள் எல்லாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. நேரே ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போனார்.

"புரியுதுதானேக்கா, விடுங்க. எனக்கு நேரமாகுது" என்றேன்.

"எனக்குப் புரியுது. எழுதுனவருக்கு நம்ம யாருன்னு புரியல" என்றார். ஸ்டேஷன் மாஸ்டர் மன்னிப்புக் கேட்டு, பெயின்ட் கொண்டுவரச் சொல்லி, அவர் முன்னாலேயே எழுத்தைத் திருத்தினார். எழுத்து சரியாகிவிட்டது. வேலி அப்படியே நின்றது.

அன்றிலிருந்து அவர் மேம்பாலத்தில் ஏற ஆரம்பித்தார். கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் பிடித்து, ஊன்றுகோலை மேற்படியில் வைத்து, இரும்புக் காலை இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடியும். பின்னால் வருகிறவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது; கூட நிற்கவும் பொறுமை இருக்காது. தினமும் கடைக்குப் பிந்திப்போய் முதலாளியிடம் திட்டு வாங்குவேன்.

அந்த ஸ்டேஷன் மாஸ்டர் உண்மையிலேயே நல்ல மனிதர். இளம் வயது, சிங்களவர், மட்டக்களப்பில் வேலை செய்தபோது கொஞ்சம் தமிழ் பழகியவர். ஒரு நாள் இரண்டு போர்ட்டர்களோடும் ஒரு பிளாஸ்டிக் கதிரையோடும் இரண்டாம் மேடையில் காத்திருந்தார்.

"மிஸ் கஷ்டப்படத் தேவையில்ல. இதுல உக்காருங்க. நம்ம ஆளுங்க தூக்கிக் கொண்டுபோகும். ஒவ்வொரு நாளும் செய்வோம்."

பெட்டியிலிருந்து இறங்கிய சனமெல்லாம் சுற்றி நின்று பார்த்தது. எவ்வளவு நல்ல மனசு என்று ஒரு அம்மா கண் கலங்கினார். அக்கா அந்தக் கதிரையைப் பார்த்தார். பிறகு ஸ்டேஷன் மாஸ்டரிடம் சிங்களத்தில், அவருடைய அன்புக்குத் தலைவணங்குவதாகவும், ஆனால் தான் சாமான் இல்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டு மேம்பாலத்தைப் பார்த்து நடந்தார்.

அன்று படிகளில் வைத்தே நான் வெடித்தேன். "ரெண்டே ரெண்டு நிமிஷம்கா. உக்காந்தா என்ன கொறஞ்சா போயிருவீங்க? அந்த மனுசன் முகம் எப்படிப் போச்சுன்னு பாத்தீங்களா?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "இன்னைக்கு ரெண்டு நிமிஷம். நாளைக்கு அந்த ரெண்டு பேருல ஒருத்தருக்கு லீவு. நாளன்னைக்கு டீ குடிக்கப் போயிருப்பாங்க. இந்த மாஸ்டர் மாறிப் போயிட்டா புதுசா வர்றவரு 'யாரு இந்த அம்மா'ன்னு கேப்பாரு. நான் மேடையில நின்னுகிட்டு, யாரு வர்றாங்க, யாரு நல்ல மனசோட இருக்காங்கன்னு தினமும் மொகத்தப் பாத்துகிட்டு இருக்கணும். அதுக்கு இந்தப் படியே தேவல."

அவர் சொன்னது சரியாக இருந்ததாலேயே எனக்குக் கோபம் இன்னும் கூடிற்று.

சுரங்கப்பாதை ஒன்று இருக்கிற விஷயத்தை எங்களுக்குச் சொன்னவர், ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர். மேம்பாலத்தில் ஏறி இறங்கி வந்த களைப்பில் அக்கா அங்கே ஒரு பிளேன்டீ குடிப்பார். ஒரு நாள் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த நானா, "எங்க வாப்பா காலத்துல இந்தக் கஷ்டம் ஒண்ணும் இல்ல. பொட்டியெல்லாம் பூமிக்கு அடியிலதான் போச்சு" என்றார்.

"எந்தப் பொட்டி?"

"தேயிலப் பொட்டிதான். கூட்ஸ் ஷெட்டுல இருந்து நடு மேடைக்கு அடியால ஒரு வழி இருக்கே. தள்ளுவண்டியில வச்சு உருட்டிகிட்டே போவாங்களாம். வாப்பாதான் லோடு ஏத்துறவங்களுக்கு டீ கொண்டுபோவாரு."

அக்கா டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

டிக்கெட் அறைக்குப் பக்கத்தில், மூடிக் கிடந்த கூட்ஸ் ஷெட்டின் பின்பக்கம் ஒரு பச்சை இரும்புக் கதவு இருந்தது. அதைத் தினமும் கடந்து போயிருக்கிறோம். என்னவென்று யாரும் கேட்டதில்லை. தேயிலை லொறியில் போகத் தொடங்கியபிறகு அந்த வழிக்கு வேலையில்லாமல் போனது. யுத்த காலத்தில் யாராவது குண்டு வைத்துவிடுவார்கள் என்று பூட்டினார்கள். யுத்தம் முடிந்தது, பூட்டைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை. கதிரையில் உட்காராததை மனதில் வைத்துக்கொள்ளாமல், ஸ்டேஷன் மாஸ்டரே மேசை இழுப்பறைகளைக் கிளறி ஒரு சாவிக் கொத்தோடு வந்தார். திறப்பதற்கு எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது.

உள்ளே குளிர்ந்த, புளித்த வாடை அடித்தது. செங்கல் வளைவுக் கூரை. தள்ளுவண்டி ஒன்று போகும் அகலம்தான். எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பயணிகள் உட்கார்ந்து உடைந்த பழைய வாங்குகள், வெசாக் பண்டிகைக்குக் கட்டும் விளக்குக் கூடுகளின் மூங்கில் சட்டங்கள், ஓரமாகக் கசிந்து ஓடும் தண்ணீர். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் வெளிச்சம் அடித்தார். எனக்கு உள்ளே போக அருவருப்பாக இருந்தது. அக்கா மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படியே இல்லை. வாசலிலிருந்து தரை மெல்ல மெல்லச் சாய்ந்து கீழே போனது. தண்டவாளத்துக்கு அடியில் சமமாகி, அந்தப் பக்கம் மறுபடியும் மெல்ல மெல்ல ஏறியது. வழுக்காமலிருக்கக் கருங்கல்லில் கோடு கோடாகக் கொத்தியிருந்தார்கள்.

அவர் இறங்கினார். ஊன்றுகோல் சத்தமும் இரும்புச் சப்பாத்துச் சத்தமும் மாறி மாறிச் சுவரில் மோதித் திரும்பின. யாரும் கையைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் ஏறி, மேலே மூடியிருந்த தகரத்தை ஊன்றுகோலால் தட்டினார். தகர இடுக்குகளால் இரண்டாம் மேடையின் வெளிச்சம் கோடு கோடாக அவர் முகத்தில் விழுந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வரும்போது சொன்னார்: "பாத்தீங்களா, தேயிலப் பொட்டிக்குக் கால் நோகக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் சாய்வு போட்டிருக்கான். அதப் பறிச்சு, அடைச்சு, தூக்கிட்டு வந்த நம்ம ஆளுங்களுக்குத்தான் மேல படிக்கட்டு."

அதிலிருந்து ஆரம்பித்தது அலைச்சல். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: கதவைத் திறந்து, தண்ணீரை வடியவிட்டு, இரண்டு விளக்குப் போடுங்கள். ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சம்மதம், ஆனால் அதிகாரம் இல்லை. கண்டிக்குப் போகச் சொன்னார்கள். கண்டியில் கொழும்புக்கு என்றார்கள். கொழும்பில், அது கட்டடப் பிரிவா பாதைப் பிரிவா என்று அவர்களுக்குள்ளேயே தெரியவில்லை. போன இடமெல்லாம் அவருக்குத்தான் முதல் கதிரை, முதல் தேநீர், உருக்கமான பேச்சு. வெளியே வரும்போது ஒன்றும் இருக்காது. "வைஞ்சு அனுப்புனாக்கூட பரவாயில்ல. சண்ட போடலாம். இவனுங்க தடவிக் குடுத்தே அனுப்புறானுங்க" என்று ஒரு நாள் கண்டி பஸ் நிலையத்தில் நின்று பல்லைக் கடித்தார். கூடப் போனது நான். கடையில் லீவு போட்டதற்கு என்னைத் தடவிக்கொடுக்க யாரும் இல்லை.

கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்து பார்த்தார். அவரும் மரியாதையானவர். "ஒரு நாளைக்கு எத்தனை பேர் இப்படி உங்களைப் போல வருவாங்க?" என்று கேட்டார்.

அக்கா இரண்டாம் மேடையைக் காட்டினார். ஒரு தாய் கைக்குழந்தையையும் துணிப் பொட்டலத்தையும் தூக்கிக்கொண்டு மேம்பாலப் படிகளை அண்ணாந்து பார்த்து நின்றாள். பக்கத்தில் முழங்கால் வீங்கிய ஒரு கிழவர், கொழுந்துக் கூடை சுமந்தே இடுப்பு போன இரண்டு பெண்கள். எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிற முகங்கள்.

"அவங்க எல்லாம் ஏறிர்றாங்கதானே" என்றார் பொறியியலாளர்.

தொழிற்சங்கப் பிரமுகர் ஒருவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்து, ஒரு நாள் அவர் சக்கர நாற்காலியோடு வந்து இறங்கினார். கூடவே படம் பிடிக்கிறவர்கள். புத்தம் புது நாற்காலி, கைப்பிடியில் ரிப்பன். ஸ்டேஷன் வாசலில் வைத்து அக்காவிடம் அதைக் கொடுப்பதாக ஏற்பாடு.

"இத வச்சுகிட்டு அந்தப் படியில எப்படிங்க ஏறுறது?" என்று கேட்டார் அக்கா.

பிரமுகர் சிரித்தார். "மொதல்ல உக்காருங்கம்மா. ஒரு போட்டோ எடுத்துக்குவோம். மத்தத அப்புறம் பேசுவோம்."

"எனக்கு நடக்க முடியும். நடக்குறதுக்கு வழிதான் இல்ல. நீங்க நாக்காலி குடுத்தா, நடக்க முடியாதவன்னு ஆயிரும். வழியக் கேட்டது மறந்து போயிரும். இத ஆஸ்பத்திரிக்குக் குடுங்க, அங்க ஆளு காத்துகிட்டு இருக்கு."

பிரமுகர் முகம் கறுத்துவிட்டது. கூட வந்தவர்களில் ஒருவன், "நொண்டிக்கு இவ்வளவு திமிரு ஆகாது" என்று காதில் விழும்படியே சொன்னான். ஊர் முழுவதும் அன்று மாலைக்குள் அதையே பேசிற்று. என் அம்மாகூட, "அவங்களோட சேராத. நல்லது செய்ய வந்தவங்களக் கடிக்குற பொம்பள" என்றார். எனக்கும் அலுத்துப் போயிருந்தது. நாற்காலியை வாங்கிக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டு, அதே ஆளைப் பிடித்துச் சுரங்கத்தைத் திறக்கவைத்திருக்கலாம் என்று சொன்னேன். "உங்களுக்குச் சாமர்த்தியம் இருக்கு, நீங்க செய்ங்க" என்றார். அவர் கேலி செய்யவில்லை. அப்படித் தனக்கு வராது என்பதை ஒரு குறை மாதிரிதான் சொன்னார்.

அந்த வருஷ மாரியில்தான் விழுந்தார்.

மேம்பாலத்தின் இறங்கு பக்கம். பனிமூட்டத்தில் முன்படி தெரியவில்லை. ஊன்றுகோல் நழுவி முதலில் போனது. இரும்பில் மோதி மோதிப் போன அந்தச் சத்தத்தை மறக்க முடியாது. பிறகு அவர். நடுத்தட்டில் போய் விழுந்தார். வலது கை மணிக்கட்டு கண்ணுக்கு முன்னாலேயே வளைந்திருந்தது. நாலைந்து பேர் ஓடினோம். யாரும் தொடவில்லை. அத்தனை வருஷம் அவரிடம் வாங்கிய பேச்சு எல்லோருக்கும் நினைவிருந்தது. மழையில் அவரைச் சுற்றிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கிடந்தார்.

"இப்ப நான் கேக்குறேன்" என்றார். "தூக்குங்க."

தூக்கினோம். அவ்வளவு லேசாக இருப்பார் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கை கட்டுப் பிரித்தும் பழைய பலம் வரவில்லை. பல மாதம் லீவில் கினிகத்தேனையில் இருந்தார். ஊன்றுகோல் பிடிக்கிற கை போனால் அவருக்கு இரண்டு காலும் போனது மாதிரி. அந்த நேரத்தில்தான், யார் செய்த புண்ணியமோ, சுரங்கப்பாதைக்கு அனுமதி வந்தது. அவர் விழுந்ததற்காகத்தான் என்று நாங்கள் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, சுற்றுலாப் பயணிகளுக்காக ஸ்டேஷனையே அழகுபடுத்துகிறார்கள். அதில் இதுவும் சேர்ந்துகொண்டது. என்னவானாலும் வழி வருகிறதே என்று போனில் சொன்னேன். "சாய்வ மட்டும் தொட வேணாம்னு சொல்லுங்க" என்றார். போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் வேலை பார்க்கிறவர்களிடம் சொல்வதாகச் சொன்னார். சொல்லியும் இருப்பார். வேலை முடியும்வரை தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

திறப்பு விழாவுக்கு அவரைத்தான் முதல் விருந்தாளியாக அழைத்தார்கள். அக்கா புதுச் சேலை கட்டியிருந்தார். கழுத்தில் மாலை போட்டார்கள். மாலைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேளம் அடிப்பவர்கள் முன்னால் போனார்கள். அடுத்து அக்கா. அவருக்குப் பின்னால் நான், கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரி, ஸ்டேஷன் மாஸ்டர், அந்தத் தொழிற்சங்கப் பிரமுகர், பிறகு ஊர்ச் சனம்.

உள்ளே அடையாளமே தெரியவில்லை. சுவரெல்லாம் வெள்ளை, கூரையில் விளக்கு. ஒரு பக்கம் கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெரிய ஓவியம். அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். தண்ணீர்க் கசிவு இல்லை. சாய்வு அப்படியே இருந்தது. அக்கா கவனமாக, பலமில்லாத கையால் ஊன்றி இறங்கினார். தண்டவாளத்துக்கு அடியில் சமதரையில் நடந்தார். அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டார்.

எட்டிப் பார்த்தேன். படிகள். ஏழெட்டு இருக்கும். பளபளவென்று ஓடு பதித்த படிகள்.

மேளக்காரர்கள் அதற்குள் ஏறி மேடைக்குப் போய்விட்டார்கள். கீழே நடப்பது தெரியாமல் மேலே நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"இங்க சாய்வு இருந்துச்சு" என்றார் அக்கா, சிங்களத்தில்.

பெரிய அதிகாரி முன்னால் நெருங்கி வந்து விளக்கினார். சாய்வு நீளமாகப் போய் மேடையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேலே பயணிகள் நின்று படமெடுக்க ஒரு பெரிய தேநீர்க் கோப்பை கட்டியிருக்கிறார்கள், அதற்கு இடம் தேவைப்பட்டது. அதனால் சாய்வைக் குறைத்து, கடைசியில் மட்டும் சும்மா சில படிகள்.

"சில படிதானே. நாங்க எல்லாரும் இருக்கோம், தூக்கிவிடுறோம்" என்று தொழிற்சங்கப் பிரமுகர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அக்கா படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று பயந்தேன். அவர் மாலையைக் கழற்றினார். குனிந்து கீழ்ப் படியில் வைத்தார். ஊன்றுகோலை ஊன்றித் திரும்பினார்.

"வழி விடுங்க. நான் போகணும்."

"எங்க மிஸ்?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"வந்த வழியால."

ஒரு தள்ளுவண்டி போகிற அகலம்தான் அந்த வழி. அவர் தன் நடையில் நடக்க முழு அகலமும் வேண்டியிருந்தது. பின்னால் முழு ஊர்வலமும் அடைத்துக்கொண்டு நின்றது. "அக்கா, ஓரமா நில்லுங்க, இவங்க ஏறிப் போகட்டும்" என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. ஓர் அடி வைத்தார். பெரிய அதிகாரி ஓர் அடி பின்னால் போனார். அடுத்த அடி. பிரமுகர் பின்னால் போனார். கடைசியில் நின்றவர்களுக்கு என்னவென்று தெரியாமல், "முன்னுக்குப் போங்கப்பா, ஏன் தள்ளுறீங்க" என்று சத்தம். அவர் நிற்கவில்லை. தேயிலைப் பெட்டிகள் உருண்டு போன அந்தச் சாய்வில், பொன்னாடையும் கழுத்துப்பட்டியுமாக அத்தனை பேரும் பின்பக்கமாக நடந்து ஏறினார்கள். மேலே மேளம் அடித்துக்கொண்டே இருந்தது.

வெளிச்சத்துக்கு வந்ததும் அவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே நானா கடைக்குப் போய் உட்கார்ந்து, "பிளேன்டீ ஒண்ணு குடுங்க" என்றார்.

அதன்பிறகு அவர் எங்கள் ஸ்டேஷனுக்கு வரவில்லை. கொத்மலையில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே அலுவலகம் ரோட்டு மட்டத்தில் இருக்கிறது. தங்கை மகன் ஓட்டோவில் கொண்டுபோய் விடுவதை ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். சொன்னவரிடம், எப்படி ஏற்றுக்கொண்டார் என்று கேட்டேன். மாதாமாதம் காசு கொடுக்கும் சவாரியாகப் பேசி வைத்திருக்கிறாராம். அவன் பிந்தி வந்தால் திட்டும் விழுமாம்.

படிகள் இருக்கின்றன. வெளிநாட்டுக்காரர்கள் சக்கரம் வைத்த பெரிய பெட்டிகளைச் சாய்வில் சுகமாக இழுத்துக்கொண்டு வந்து, அந்த இடத்தில் நின்று, அவரவர் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டுத் தூக்குகிறார்கள். கைக்குழந்தைக்காரிகள் நின்று இடுப்பை மாற்றிக்கொள்கிறார்கள். நடுவில் ஒரு தடவை பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தார்கள். மழையில் யாரோ வழுக்கி விழுந்தார்கள். பாதுகாப்பில்லை என்று எடுத்துவிட்டார்கள். நல்ல மனதுள்ள அந்த ஸ்டேஷன் மாஸ்டரும் மாறிப் போய்விட்டார்.

தீபாவளிக்குத் தீபாவளி அக்காவுக்குப் போன் செய்வேன். வாழ்த்துச் சொல்ல விடமாட்டார். எடுத்த உடனே, "சாய்வு போட்டாச்சா?" என்பார்.

"இல்லக்கா. சும்மா சுகம் விசாரிக்கத்தான்..."

"சுகமாத்தான் இருக்கேன். போட்டா கூப்பிடுங்க."

போன தீபாவளிக்கும் அதேதான். போனை வைத்தபோது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக ஒரு வார்த்தை பேசக்கூடாதா? யாரிடம் கொட்டுவதென்று தெரியாமல் அடுத்த நாள் காலை வண்டியிலிருந்து இறங்கியதும் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போனேன். புதிதாக வந்தவர். தமிழர்தான், வயதானவர், மேசையில் சாமிப்படம். கதை முழுவதையும் சொன்னேன். பலகைகள் போட்ட குறுக்குவழி, வேலி, விழுந்தது, படி, எல்லாம். ஒரு தடவைகூடக் குறுக்கிடாமல் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவ்வளவு அன்பான முகத்தை அந்த அறையில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அந்த அம்மா எப்ப வர்றாங்கன்னு மட்டும் சொல்லுங்க தங்கச்சி" என்றார். "ரெண்டு பேர ரெடியா நிப்பாட்டி வைக்கிறேன்."